மொக்கையனுக்கு வல்லாரை

பூமாரியின் போனை அவள் கையில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறும்போதே அதை வலது காதோடு ஒட்டி வைத்து, மேலே தலைத்துணியைச் சுற்றி இறுக்கி முடிந்துகொள்வாள். கொழுந்து வெட்டும் கத்தரிக்கு இரண்டு கையும் வேண்டும். போனைப் பிடிக்க மூன்றாவது கை எஸ்டேட்டில் யாருக்கும் கிடையாது. அதனால் அந்த டிவிஷன் பெண்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். கீழே ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, வரிசையாக நின்று தேயிலைச் செடியோடு பேசுகிற பெண்கள் போலத் தெரியும்.

பூமாரியின் தங்கை சிவசங்கரி ஆனைக்கரையில் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவள். அக்காவும் தங்கையும் ஓயாமல் பேசினார்கள் என்றும் சொல்ல முடியாது. இங்கே கத்தரி வெட்டுகிற சத்தம் அங்கே கேட்கும். அங்கே யாரோ இருமுவது இங்கே கேட்கும். அவர்களுக்கு அது போதும்.

எனவே வாட்சாப்பில் ஒரு குரல் பதிவு வந்தபோது முதலில் பயந்தது பூமாரியின் வலது காதுதான். யார் பேசியது என்று தெரியாது. நிதானமான, படித்த ஆண்குரல். செல்போனிலிருந்து வரும் கதிர் மூளையை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேகவைக்கும் என்றது. முதலில் மறதி வரும். அப்புறம் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். அப்புறம் சம்பந்தமில்லாமல் சிரிப்பார்கள். அதற்கு மேல் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

கேட்டு முடித்ததும் பூமாரி தலைத்துணியை அவிழ்த்து போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டாள். பிறகு அப்படியே நின்றாள். அந்தக் குரல் சொன்னது அத்தனையும் அவள் வீட்டுக்காரர் மொக்கையனுக்கு இருந்தது.

மொக்கையன் பாக்டரியில் ரோலிங் ரூம் ஆள். வாடிய கொழுந்தை நசுக்கிச் சுருட்டுகிற மெஷின்கள் இரைந்துகொண்டே இருக்கும் இடம் அது. வாலிபத்தில் உள்ளே போனவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஆனால் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் அவருக்குப் பெயர் மெஷினால் வந்ததில்லை, வாயால் வந்தது. கல்யாணப் பேச்சு, பங்காளிச் சண்டை, யூனியன் கூட்டம் எதுவானாலும் மொக்கையன் வந்து உட்கார்ந்தால்தான் களை கட்டும். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பார். வைத்தால் ஒட்டிக்கொள்ளும், வைக்கப்பட்டவரே அதைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்துகிற அளவுக்கு ஒட்டும்.

அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்ச காலமாக வேறு ஆளாகிவிட்டார். அரிசி வாங்கி வரச் சொன்னால் வெறுங்கையோடு வந்து நின்றார். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் போய்க்கொண்டே இருந்தார். சாவு வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் சிரிக்க, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, போன். எந்நேரமும் போன். வாசலில் இறங்கும்போதே காதில் வைத்துக்கொள்வார். “ஆமா... சொல்லு... சரி, பாத்துக்கலாம்” என்று பேசியபடி லயத்தைக் கடந்து போவார். எதிரே வருகிறவர்கள் கையை மட்டும் ஆட்டிவிட்டு ஒதுங்குவார்கள். அவரும் கையை ஆட்டுவார்.

“யாருகிட்ட இப்பிடிப் பேசுறாரு ஒங்க வீட்டு அண்ணன்?” என்று பக்கத்து வீட்டுக் கற்பகம் ஒருமுறை கேட்டாள். வேறு பெண்ணாக இருக்குமோ என்றுகூடப் பூமாரி நினைத்துப் பார்த்தாள். குரல் வந்த நாளில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பெண் இல்லை, கதிர். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது அவளுக்கு.

மறுநாள் மலையில் கற்பகம் கேட்டாள்.

“என்ன மதினி, போன கழட்டிட்டீக?”

“ஒனக்கும் அனுப்பியிருக்கேன், கேளு. கேட்டுட்டு நீயும் கழட்டிரு. மூளை வெந்துரும்.”

“எங்க வீட்டு ஆளு எனக்கு அது இல்லன்னுதான் கல்யாணம் ஆனதுலருந்து சொல்லுது. இல்லாத சாமான் எப்பிடி மதினி வேகும்?”

செடி வரிசையில் நின்ற நிரை முழுக்கச் சிரித்தது. ஆனால் பூமாரி சிரிக்கவில்லை. கத்தரியை நிறுத்திவிட்டு, தன் வீட்டில் நடப்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறதி, திரும்பாதது, சாவு வீட்டுச் சிரிப்பு. “எங்க வீட்டு ஆளுக்கு மூளை போய்க்கிட்டு இருக்குடி. கண்ணால பாக்குறேன்” என்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்தவர்கள் அடங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பாதித் தலைகளில் போன் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு தலையிலும் இல்லை. பூமாரி சொன்னால் கேட்டுக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அது பிடித்தும் இருந்தது.

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. ஓடைக்கரையில் வல்லாரை தானாக மண்டிக் கிடக்கும். தினமும் ஒரு பிடி பறித்து வந்து, மிளகாயும் தேங்காயும் வைத்து அரைத்துத் துவையல் செய்தாள். மொக்கையன் முதல் நாள் ருசித்துத் தின்றார். அடுத்தடுத்த நாட்களில் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தின்றார். போனை எடுத்து அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தாள். அவர் அதைத் தேடி எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மகன் லோகேஷ் மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். அவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

“அம்மா, நாள் பூரா போன்லதான் சவாரி பிடிக்கிறேன். நீ சொல்றபடி பாத்தா என் மூளை எப்பவோ வெந்துருக்கணும்.”

“வெந்துதான கெடக்கு? இல்லாட்டி பெத்தவனுக்கு இப்பிடி இருக்கும்போது சிரிப்பியா?”

“அப்பா எங்கிட்ட ஒழுங்காப் பேசியே ரொம்ப நாளாச்சும்மா” என்றான் பிறகு, சிரிப்பை விட்டு. “நான் என்ன சொன்னாலும் ‘சரிப்பா, வச்சிரு’ங்காரு. எம்மேல எதும் கோவமா?”

“கோவமில்லடா. கதிரு.”

இதற்குள் பேச்சு மலையிலிருந்து பாக்டரிக்கு இறங்கிவிட்டது. மொக்கையனுக்கு மூளை சரியில்லையாம் என்று ரோலிங் ரூமில் பேசிக்கொண்டார்கள். பாக்டரி ஆபீசர் அவரை ஒருமுறை ஓரமாக நின்று கவனித்துவிட்டுப் போனார். பூமாரிக்கு இது தெரிய வந்தது. தெரிந்தும், நல்லதுதானே, நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியில் அயல்கூட்டம், அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுக்கூட்டம். லயத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிற கட்டடம். சுகாதார நர்ஸ் நர்மதா வந்திருந்தாள். தேவிகுளத்துப் பெண்தான், சின்ன வயது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் பேசி முடித்துவிட்டு வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். கற்பகம் பூமாரியின் இடுப்பில் குத்தினாள். பூமாரி எழுந்து கதிரைப் பற்றிக் கேட்டாள்.

நர்மதா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“இதுவரைக்கும் பாத்ததுல, போன் பேசுறதுனால மூளை கெட்டுப்போச்சுன்னு நிரூபணம் ஆகலக்கா. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. பயமா இருந்தா ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க, காதுல ஒட்ட வேணாம். ஆனா ஒரு ஆளு கூப்பிட்டாத் திரும்பலன்னா மொதல்ல மூளையத் தேட மாட்டோம். காதத்தான் பாப்போம்.”

“காதா?” பூமாரிக்குச் சுருக்கென்றது. “நல்லாச் சொன்னீங்க சிஸ்டர். விடிஞ்சா அடைஞ்சா போனு பேசுற மனுசன். காது கேக்காத ஆளு எப்பிடி போனு பேசுவாரு?”

பெண்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். யாரோ பின்னாலிருந்து, “சிஸ்டருக்குக் கதிரு பட்டிருச்சு போல” என்றாள். நர்மதாவும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மொக்கையன் அந்த வழியாக வந்தார். கடைக்குப் போகிற குறுக்குப் பாதை அது. காதில் போன். “ஆமா... ஆமா... அத அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிக்கொண்டே, கூட்டத்தைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

“அந்தா போறாரு. நீங்களே பாருங்க” என்றாள் பூமாரி. “ஏங்க! இங்க வாங்க!”

அவர் நடந்தார்.

“ஏங்க! ஒங்களத்தான்!”

திரும்பவில்லை. “பாத்தீகளா? பாத்துக்கோங்க” என்று நர்மதாவிடம் சொல்லிவிட்டு பூமாரி படியிறங்கி ஓடினாள். அவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற வேகம் அவளுக்கு இருந்தது. அவர் முன்னால் போய் மறித்து, போனைப் பிடுங்கித் தன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கத்தினாள்.

“யாரு பேசுறது? யாரா இருந்தாலும் வையுங்க! இந்த மனுசன் மூளைய வேகவச்சுத் திங்காதீங்க!”

பதில் இல்லை. காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை; இரைச்சல்கூட இல்லை. எதிரே பிடித்துப் பார்த்தாள். திரை கறுத்துக் கிடந்தது. விரலால் தட்டினாள், அழுத்தினாள். அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த போன்.

அங்கன்வாடி வாசலிலிருந்து கற்பகம் மெதுவாகச் சொன்னாள். “மதினி... இந்தப் பள்ளத்துல ரேஞ்சே கெடையாதே.”

கெடுதலாக நினைத்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு சிரிப்பு தப்பி வெளியே வந்தது. உடனே இன்னொன்று. “அட, வெறும் போனா?” என்றது ஒரு குரல்.

மொக்கையனின் கை காதருகே அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல். “குடு” என்றார். பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசுகிற சத்தம் இல்லை அது. மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசுகிற சத்தம். அவர் கண் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது என்பது பூமாரிக்கு அப்போது புரிந்தது. போனைக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த வழியே ஏறிப் போனார். நர்மதா ஏதோ சொன்னாள், பூமாரிக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஓயாமல் பேசுகிறவனுக்குக் காது கேட்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? ரோலிங் ரூம் ஆட்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள், பாதிச் சேதியைக் கையால்தான் சொல்வார்கள். அதற்கு மேல் மொக்கையன் மற்றவர்களைப் பேச விடாத ஆள். எதிராளியின் பேச்சு அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. கடைசியில் பதில் சொல்ல முடியாத இடங்கள் கூடக் கூட, போனைக் கண்டுபிடித்திருக்கிறார். போன் பேசுகிறவனை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அவரிடம் இனி யாராலும் எதையும் சொல்ல முடியாது. பூமாரி சுற்றிப்போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றாள்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

உதட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “பெரியமுத்துக்கு நான் என்ன பேரு வச்சேன்?”

பூமாரிக்கு நினைவு வந்தது. பெரியமுத்து அதே ரோலிங் ரூமில் மொக்கையனுக்கு மூத்தவர். காது போய்த்தான் வேலை முடிந்து போடிப் பக்கம் போனார். அவருக்கு மொக்கையன் வைத்த பெயர் ‘நோ ரேஞ்ச்’. லயமே சிரித்தது. அவர் எதிரில் வந்தால் பையன்கள் கையை உயரத் தூக்கி டவர் மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பூமாரியும் சிரித்தவள்தான்.

“அந்தாளு எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல” என்றார் மொக்கையன். “என்னத்தச் சொல்ல? அவருக்குத்தான் கேக்கலயே, ஊரு எதுக்குச் சிரிக்குதுன்னு.”

மறுவாரம் பாக்டரியில் அவரை மெஷினை விட்டு எடுத்தார்கள். சாக்கு தைக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்.

“செவிடன்னு நீ சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பாங்க புள்ள. அங்க எல்லாமே பாதிச் செவிடுதான். மூளை கெட்டவன மெஷின்கிட்ட எப்பிடி நிறுத்துவான்? கை உள்ள போனா யாரு பதில் சொல்றது?”

பூமாரி சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினாள். அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து போனது. மலையில் அழுதுகொண்டு சொன்னது, அவரிடம் கேட்காமல் சொன்னது. யாரோ முகம் தெரியாதவன் பேசியதைத் திரும்பத் திரும்பக் கேட்டவள், பக்கத்தில் படுக்கிறவரை ஒருநாள்கூட உட்கார வைத்து, என்ன செய்கிறது என்று விசாரிக்கவில்லை.

மலையில் பெண்கள் திரும்பவும் போனைத் தலைத்துணிக்குள் கட்டிக்கொண்டார்கள். அவளுக்குத் தெரியாமல் கட்டுவதுபோல் திரும்பி நின்று கட்டினார்கள். அது நேரடியாகக் கேலி செய்வதைவிட மோசமாக இருந்தது. அவள் பக்கத்தில் வரும்போது பேச்சு தணியும். ஒரு நாள் கற்பகம் மட்டும், “மதினி, வல்லாரை மிச்சம் இருந்தா எனக்குக் கொஞ்சம் குடுங்களேன், வெரசா மறந்து போகுது” என்று பழையபடி இழுத்துப் பார்த்தாள். பூமாரி கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விட்டாள். சிவசங்கரி கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. தங்கைக்கும் அந்தக் குரலை அனுப்பியிருந்தாள். ஏலக்காட்டிலும் எத்தனை பேர் கழற்றினார்களோ.

லோகேஷ் ஜீப்பில் வந்து இருவரையும் அடிமாலிக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். கண்ணாடி அறைக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்த கணவரைப் பூமாரி வெளியிலிருந்து பார்த்தாள். கை அதிகம் தூக்கப்படவில்லை. மெஷின் இரைச்சலில் நரம்பு தேய்ந்திருக்கிறது, போனது வராது, கருவி வைத்தால் இருப்பதைக்கொண்டு சமாளிக்கலாம் என்றார் டாக்டர். மெஷினுக்குப் பக்கத்தில் இனிப் போகவே வேண்டாம் என்றும் சொன்னார். மூளையைப் பற்றியும் கதிரைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள், வாயை மூடிக்கொண்டாள். லோகேஷ்தான் கேட்டான், “மூளைக்கு ஒண்ணுமில்லல்ல டாக்டர்?” டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கு என்ன? நல்ல புத்திசாலி. உதட்டப் பாத்தே எனக்குப் பதில் சொல்லிட்டு இருந்தாரு.”

அடுத்த நாள் பூமாரி வேலைக்குப் போகாமல் பாக்டரிக்குப் போனாள். ஆபீசர் ரோலிங் ரூம் வாசலில் நின்றிருந்தார். ஆபீசுக்குள் வந்து பேசுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தாள், அவர் சொல்லவில்லை. இரைச்சலுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

“சார், அவரு மூளைக்கு ஒண்ணுமில்ல! நாந்தான் போன்ல வந்தத நம்பி ஊர் பூராச் சொல்லிட்டேன்! காது மட்டுந்தான்!”

“என்னது?”

“நாந்தான் சொன்னேன் சார்! பொய்யி! மூளை கெட்டவருன்னு நாஞ் சொன்னது பொய்யி!”

மெஷின் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் அடுத்தவனைப் பார்த்துத் தன் நெற்றியைத் தொட்டு, விரலை இல்லை என்று ஆட்டி, பிறகு அவளைக் காட்டினான். அவள் நீட்டிய டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு ஆபீசர் தலையை ஆட்டினார். மெஷினுக்கு இனி அனுப்ப முடியாது, டாக்டரே சொல்லியிருக்கிறாரே. ஆனால் மற்றதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்கிறவர்களை அதட்டுகிறேன் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. முகம் எரிய வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மொக்கையனிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. அதை அவள் முன்பே சொல்லாமல் இல்லை. அவர் சாப்பிடும்போது பின்னால் நின்று, “தப்புத்தான்” என்றிருக்கிறாள். விளக்கை அணைத்த பிறகு சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே சொன்னதெல்லாம் கணக்கில் வராது. கேட்கும்படி சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும். லயத்து வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான். கூரைக்குக் கீழே அதுவும் முழுதாக மூடவில்லை. கற்பகம் வீட்டில் கரண்டி விழுந்தால் இங்கே தெரியும்.

சாயங்காலம் அவர் வந்ததும் நேரே போய் எதிரில் நின்றாள்.

“ஒங்களுக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு நான் ஊர்ல சொன்னது தப்பு!” என்று கத்தினாள். “அத்தன பேரு முன்னால போனப் புடுங்குனதும் தப்பு!”

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று சத்தம் குறைந்தது.

மொக்கையன் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு சுவரைக் காட்டினார். “மெதுவாப் பேசு. கற்பகம் கேட்டுக்கிட்டு இருப்பா.”

“கேக்கட்டும்! மெதுவாச் சொன்னா ஒங்களுக்குக் கேக்காது!”

“கேக்காட்டிப் போகுது. நீ மூஞ்சியக் காட்டிச் சொல்லு, போதும்.”

அவளால் அதுதான் முடியவில்லை. கத்துவதுகூடச் சுலபமாக இருந்தது. தலை தானாகக் குனிந்துகொண்டது. அவர் குனிந்து, கீழேயிருந்து அவள் முகத்தைப் பார்க்க முயன்றார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, அது அவருக்குக் கதவைச் சாத்துவது போல என்று தோன்றியதும், கையை எடுத்தாள்.